தடிச்ச கம்பி நாலு

பரிசோதகர்: அம்மா, காதுல சத்தம் கேட்டா மட்டும்தான் பட்டனை அமுக்கணும்.

பேஸ்காரம்மா: கேட்டுச்சு, அமுக்கினேன்.

பரிசோதகர்: நான் இன்னும் சத்தமே விடலையே!

பேஸ்காரம்மா: …விடப் போனீங்கல்ல?

பரிசோதகர்: அது எப்படித் தெரிஞ்சுது? என் கை உங்களுக்குத் தெரியாதே, நடுவுல மெஷின் மறைக்குது.

பேஸ்காரம்மா: நாலு எண்ணி ஒண்ணு விடறீங்கம்மா. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு… டொய்ங். திரும்ப ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு… டொய்ங். நல்ல தாளக்கட்டு உங்களுக்கு. டாக்டருக்குப் படிக்காம ட்ரம்ஸ் அடிக்கப் போயிருக்கலாம்.

பரிசோதகர்: நான் டாக்டர் இல்லம்மா, காது டெஸ்ட் எடுக்கறவ. ஐயையோ… அப்போ இவ்வளவு நேரம் நான் எழுதினதெல்லாம்?

சவுண்டுக்காரர்: கிழிச்சுப் போட்டுரும்மா.

பேஸ்காரம்மா: ஏங்க, நீங்க யாரு பக்கம்?

சவுண்டுக்காரர்: உன் காது பக்கம்.

பரிசோதகர்: சரி சரி, சண்டை வேண்டாம். அம்மா, கண்ணாடி ரூம்லயே உக்காந்திருங்க. ஹெட்போனைக் கழட்டாதீங்க. அஞ்சு நிமிஷம் காது ஆறட்டும், முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம். நான் மைக்கை அணைக்கறேன்… ம், அணைச்சாச்சு. சார், இனிமே நாம பேசறது அவங்களுக்குக் கேக்காது. சொல்லுங்க, வயசானவங்க இப்படித் திருட்டு அமுக்கு அமுக்குவாங்களா?

சவுண்டுக்காரர்: உங்களை ஏமாத்தணும்னு இல்லம்மா. நாளைக்கு சாயந்திரம் அவளுக்குக் கச்சேரி.

பரிசோதகர்: பாடுவாங்களா?

சவுண்டுக்காரர்: பாட்டா! வாயைத் திறந்தா பக்கத்து வீட்டுல கதவைச் சாத்துவாங்க. பேஸ் கிட்டார் வாசிக்கறா. நாப்பத்தோரு வருஷமா, ஒரே குழுவுல. நான் அவ வீட்டுக்காரன், அதே குழுவுக்கு சவுண்டு பாக்கறவன். என் பேரு என் பொண்ணுக்கே மறந்திருக்கும், எல்லாருக்கும் நான் சவுண்டுக்காரர்தான்.

பரிசோதகர்: அதுக்கும் இந்த டெஸ்டுக்கும்…?

சவுண்டுக்காரர்: போன வாரம் ரிகர்சல். கீபோர்டுல சன்னமா ஒரு மணிச் சத்தம் வந்தா எல்லாரும் டக்குனு நிறுத்தணும். எல்லாரும் நிறுத்திட்டாங்க. இவ மட்டும் கண்ணை மூடிக்கிட்டு வாசிச்சுக்கிட்டே போறா… யாரோ கெக்கேன்னு சிரிச்சாங்க. அதுவும் அவளுக்குக் கேக்கல.

பரிசோதகர்: அடடா.

சவுண்டுக்காரர்: குழுவை இப்ப நடத்தறது பழைய மாஸ்டரோட பையன். நல்ல பையன்தான், மரியாதையாத்தான் சொன்னான். “அக்கா, காது டெஸ்ட் எடுத்து எழுதி வாங்கிட்டு வாங்க. முடியலேன்னா நாளைக்கு ஒரு நாள் பேஸை கம்ப்யூட்டர் பாத்துக்கட்டும்”னான். ஒரு நாள்னு அவன் சொல்றான்… கம்ப்யூட்டர் ஒரு நாள் உக்காந்த இடத்துலேர்ந்து எழுந்திருக்குமா?

பரிசோதகர்: அதுக்குத்தான் எண்ணி எண்ணி அமுக்கினாங்களா! இவ்வளவு பிடிவாதம் எங்கேர்ந்து சார்?

சவுண்டுக்காரர்: சலவைக்கடைலேர்ந்து.

பரிசோதகர்: என்னது?

சவுண்டுக்காரர்: பதினெட்டு வயசுல சலவைக்கடைல வேலைக்குச் சேந்தா. நாள் முழுக்க நீராவி இஸ்திரி, படுக்கை விரிப்பு மடிக்கறது. அந்தக் கடைக்கு முதுகை ஒட்டி எங்க குழு ரிகர்சல் பண்ற ரூமு. நடுவுல ஒரு செவுரு. செவுத்தைத் தாண்டி என்ன வரும்? பாட்டு வராது, பிடில் வராது. பேஸ் மட்டும்தான் வரும். தும்… தும்தும்… தும். அது மட்டும் செங்கல்லைத் துளைச்சுக்கிட்டு வந்துரும்.

பரிசோதகர்: ஆமாமா, எங்க மாடி வீட்டுல பாட்டு போட்டா எனக்கும் அப்படித்தான், இடி மட்டும் கேக்கும்.

சவுண்டுக்காரர்: உங்களுக்கு இடி. அவளுக்கு அதுதான் பாட்டு. மூணு வருஷம் அதைக் கேட்டுத்தான் விரிப்பு மடிச்சிருக்கா. அதுக்கு மேல ஒரு பாட்டு இருக்குன்னே அவளுக்குத் தெரியாது.

பரிசோதகர்: போங்க சார், சும்மா சொல்றீங்க.

சவுண்டுக்காரர்: மைக்கைப் போட்டு அவளையே கேளுங்க.

பரிசோதகர்: அம்மா… கேக்குதா? சலவைக்கடைல உங்களுக்குப் பாட்டே கேக்காதாமே, நிஜமா?

பேஸ்காரம்மா: ஆரம்பிச்சுட்டாரா! அஞ்சு நிமிஷம் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாதே… நிஜந்தாம்மா. தும்தும்னு மட்டும்தான் வரும். அழகா இருக்கும். கிட்டாரைப் பத்திச் சொல்லிட்டாரா?

பரிசோதகர்: இன்னும் இல்ல.

பேஸ்காரம்மா: அவங்க ரூம் வாசல்ல குப்பையோட ஒரு பழைய கிட்டாரைத் தூக்கிப் போட்டிருந்தாங்க. சாதா கிட்டாரு, ஆறு கம்பி. மெலிசா இருக்கற ரெண்டும் அறுந்து போச்சு. தடிச்ச கம்பி நாலு பாக்கி. எடுத்துக்கிட்டு வந்துட்டேன். எனக்கென்ன தெரியும், அந்த நாலும் பேஸுக்கு இருக்கற அதே நாலு சுருதின்னு? விதி பாருங்க, வேண்டாததெல்லாம் அதுவே அறுந்துக்கிச்சு.

பரிசோதகர்: யாரு சொல்லிக் கொடுத்தாங்க?

பேஸ்காரம்மா: செவுரு. மத்தியானம் சாப்பாட்டு வேளைல கிட்டாரோட முதுகைச் செவுத்துல அழுத்தி வெச்சுக்கிட்டு வாசிப்பேன். அந்தப் பக்கம் வாசிக்க வாசிக்க இந்தப் பக்கம் தேடுவேன். ஒரு சுருதியைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகும். விரல் நுனியெல்லாம் இஸ்திரிச் சூட்டுல ஏற்கெனவே காய்ச்சுப் போயிருந்துச்சா, கம்பி ஒண்ணும் பண்ணல.

சவுண்டுக்காரர்: நீ குழுவுல சேந்த கதையைச் சொல்லு.

பேஸ்காரம்மா: அதை நீங்களே சொல்லுங்க, உங்க காய்ச்சல் கதையை.

பரிசோதகர்: என்ன காய்ச்சல்?

சவுண்டுக்காரர்: …அப்ப அந்தக் குழுவுல பேஸ் வாசிச்சது நான்தான்.

பரிசோதகர்: என்னது! செவுத்துக்கு அந்தப் பக்கம் நீங்களா?

பேஸ்காரம்மா: அவரேதான். பாருங்க, என் குரு எப்படிக் கூனிக்குறுகி உக்காந்திருக்காருன்னு.

சவுண்டுக்காரர்: போதும்டி. ஒரு நாள் சாயந்திரம் எங்களுக்குக் கச்சேரி. காலைல கடைசி ரிகர்சல். நான் போகல. காய்ச்சல். மாஸ்டர் சந்துல நின்னு கத்தறாராம், “பேஸ் இல்லாம எப்படிடா மேடை ஏறறது”ன்னு. சலவைக்கடைப் பின்கதவைத் திறந்துக்கிட்டு இவ போய் நிக்கறா, கைல மடிச்ச விரிப்போட. “நான் வாசிக்கறேன்”கறா.

பரிசோதகர்: சிரிச்சிருப்பாங்களே.

பேஸ்காரம்மா: சிரிச்சாங்களாவது! ட்ரம்ஸ்காரர் குச்சியைக் கீழ போட்டுட்டு சிரிச்சாரு. மாஸ்டர் மட்டும் கேட்டாரு, “உனக்கு என்ன பாட்டு தெரியும்மா?” “பாட்டு ஒண்ணும் தெரியாதுங்க, ஒன்பது வாசிப்பு தெரியும்”னேன். அதுக்கும் ஒரு சிரிப்பு. சரி, வாசின்னு இவரோட பேஸை எடுத்துக் கொடுத்தாங்க. அம்மாடி, என்னா கனம்! நின்னுக்கிட்டு வாசிக்க வரல. சேரை இழுத்துப் போட்டு உக்காந்தேன். கண்ணை மூடிக்கிட்டேன். முதல் வாசிப்பை ஆரம்பிச்சேன்…

பரிசோதகர்: ம்?

பேஸ்காரம்மா: சிரிப்பு நின்னுச்சு. ட்ரம்ஸ் மெதுவா வந்து ஒட்டிக்கிச்சு. அப்புறம் திடீர்னு ஒரு பொம்பளைக் குரல், என் வாசிப்பு மேலயே ஏறி நின்னுக்கிட்டு பாடுது. எனக்குக் கோவம் வந்துருச்சு. வாசிக்கறதை நிறுத்திட்டுக் கேட்டேன், “யாருங்க அது, குறுக்கால பாடறது?”

பரிசோதகர்: ஐயோ அம்மா!

பேஸ்காரம்மா: பாடகி திருதிருன்னு முழிக்குது. மாஸ்டர்தான் சொன்னாரு, “அம்மா, அதுதான் பாட்டு. நீ வாசிச்சது அதுக்கு அடியில வர்றது.” …எனக்கு நம்ப முடியல. மூணு வருஷமா நான் கேட்டதுக்கு மேல இவ்வளவு பெரிய மாளிகை நிக்குதா? “முதல்லேர்ந்து பாடுங்க”ன்னு சொன்னேன். ஒன்பதையும் வாசிச்சேன். ஒன்பது பாட்டையும் அன்னிக்குத்தான் முதமுதல்ல கேட்டேன். வாசிச்சுக்கிட்டே அழறேன், அழுதுக்கிட்டே சிரிக்கறேன். விரிப்பு எடுக்க வந்த கடை முதலாளி வாசல்ல நின்னு அப்படியே பாத்துக்கிட்டு இருக்காரு.

பரிசோதகர்: சாயந்திரம் மேடை ஏறுனீங்களா?

பேஸ்காரம்மா: ஏறினேன். அதுக்கப்புறம் இறங்கல.

சவுண்டுக்காரர்: உண்மை. ஊர் ஊரா போனா. வயித்துல பொண்ணு இருந்தப்ப பேஸை இடுப்புக்குச் சாய்ச்சு வெச்சுக்கிட்டு எட்டாவது மாசம் வரைக்கும் வாசிச்சா. ஒரு எழுத்து சுரம் படிக்கத் தெரியாது, இன்னிக்கும் தெரியாது. “ஒரு தடவை பாடிக் காட்டுங்க”ம்பா. அவ்வளவுதான்.

பரிசோதகர்: சரி… இப்ப டெஸ்ட். அம்மா, இந்தத் தடவை நான் தாளம் போட மாட்டேன். கன்னாபின்னான்னு விடுவேன். நிஜமா கேட்டா மட்டும் அமுக்கணும். சரியா?

பேஸ்காரம்மா: …சரி.

பரிசோதகர்: மைக்கை அணைச்சுட்டேன். மேல் சத்தத்துலேர்ந்து, கீச்சுன்னு இருக்கறதுலேர்ந்து ஆரம்பிக்கறேன்… ம். இல்ல. …இன்னும் கொஞ்சம் கூட்டறேன்… இல்ல. …சார், இது குருவி கத்தற அளவு சத்தம். இதுவும் இல்ல.

சவுண்டுக்காரர்: மாடில காலைல குருவி வர்றதில்லன்னு ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கா. நானும் ஆமா ஆமான்னு தலையாட்டிக்கிட்டு இருக்கேன்.

பரிசோதகர்: வருதா?

சவுண்டுக்காரர்: தினம் வருது.

பரிசோதகர்: …இதுவும் இல்ல. நான் வரையற கோடு சரசரன்னு கீழ இறங்குது சார். மறைக்காம சொல்றேன், மேல்பக்கம் ரொம்பப் போயிருக்கு. ட்ரம்ஸ்ல இருக்கற பித்தளைத் தட்டு பக்கத்துலயே நின்னிருக்காங்கல்ல, இத்தனை வருஷம்?

சவுண்டுக்காரர்: கையெட்டற தூரத்துல.

பரிசோதகர்: அதான். நடுச் சத்தம் பரவாயில்ல… சுமார். இருங்க, இப்ப தும்முன்னு இருக்கற கீழ்ச் சத்தத்துக்கு வர்றேன். …அமுக்கறாங்க. குறைக்கறேன்… அமுக்கறாங்க. இன்னும் குறைக்கறேன்… அமுக்கறாங்க. என்னது இது? திரும்ப எண்ண ஆரம்பிச்சுட்டாங்களா?

சவுண்டுக்காரர்: நீங்கதான் கன்னாபின்னான்னு விடறீங்களே.

பரிசோதகர்: சத்தமே விடாம இருக்கேன், பாருங்க… பத்து எண்ணலாம்… ம்ஹூம், அமுக்கல. இப்ப மெல்லிசா ஒண்ணு, எனக்கே கேக்குமான்னு சந்தேகமான அளவு… அமுக்கிட்டாங்க! இன்னும் ஒரு படி கீழ… அமுக்கிட்டாங்க சார்! மெஷின் இதுக்குக் கீழ போகாது!

சவுண்டுக்காரர்: அப்படின்னா?

பரிசோதகர்: இருபது வயசுப் பிள்ளைக்குக் கூட இப்படி இருக்காது. இருங்க, அவங்க ஏதோ சொல்றாங்க. மைக்கைப் போடறேன்… என்னம்மா?

பேஸ்காரம்மா: உங்க மெஷின்ல சுருதி சேரலம்மா.

பரிசோதகர்: என்ன?

பேஸ்காரம்மா: கடைசியா விட்டீங்களே, அது பேஸ்ல முதல் கம்பில நாலாவது கட்டம். ஆனா ஒரு மயிரிழை தூக்கலா இருக்கு. யாராவது கொஞ்சம் தளர்த்தினா நல்லது.

பரிசோதகர்: …ஆறு வருஷமா இந்த மெஷின்ல வேலை பாக்கறேன். இப்படி ஒரு புகார் வந்ததே இல்ல.

பேஸ்காரம்மா: மேல எதுவும் கேக்கலல்ல எனக்கு? நான் அமுக்காம இருந்தப்ப உங்க ரெண்டு பேர் மூஞ்சியும் இறங்குச்சு, கண்ணாடி வழியாப் பாத்தேன்.

பரிசோதகர்: உண்மையைச் சொல்லட்டுமா? மேல் சத்தம் போயிடுச்சும்மா. கீழ்ச் சத்தம் ஒரு புள்ளி கூடக் குறையல.

பேஸ்காரம்மா: அப்ப மறுபடி சலவைக்கடைக்கே வந்துட்டேன். பரவால்ல, அங்கேர்ந்துதானே கத்துக்கிட்டேன். பாட்டு எங்க இருக்கும்னு இப்ப எனக்குத் தெரியும். கேக்கலேன்னா என்ன, அதுக்கு அடியில போய் நிப்பேன். சரி, காகிதத்துல என்ன எழுதப் போறீங்க?

பரிசோதகர்: உள்ளதைத்தான் எழுதுவேன்.

பேஸ்காரம்மா: எழுதுங்க. பொய்யா ஒண்ணும் வேண்டாம். எண்ணி அமுக்கினதுக்கு மன்னிச்சுக்கோங்க, பயந்துட்டேன்.

பரிசோதகர்: சார், அந்த மணிச் சத்தம் எதுக்கு? நிறுத்தறதுக்குத்தானே? அதை ட்ரம்ஸ்ல ஒரு தடிச்ச அடியா மாத்த முடியாதா?

சவுண்டுக்காரர்: …அட! அந்தப் பெரிய ட்ரம்ல ஒரே ஒரு குத்து. தாராளமா மாத்தலாம். நாப்பது வருஷம் சவுண்டு பாத்தவன் மண்டைல இது உதிக்கல பாரு.

பரிசோதகர்: அப்ப எழுதிடறேன். “மேல் சத்தத்துக்குக் காதுக் கருவி வேணும். பேஸ் கிட்டார் வாசிக்கத் தேவையான கேள்வி முழுசா இருக்கு. மேடைல சைகை எல்லாம் கீழ்ச் சத்தத்துல கொடுக்கவும்.” போதுமா?

சவுண்டுக்காரர்: இதை ஃபிரேம் போட்டு மாட்டணும்.

பரிசோதகர்: ஒண்ணு கேக்கணும். எங்க காலேஜ் பஸ்ல ஒரு பாட்டு போடுவாங்க. தொடக்கத்துல வேற எதுவுமே வராது, பேஸ் மட்டும்… தும், தும்தும் தும்… தும், தும்தும் தும்… மொத்த பஸ்ஸும் சீட்டைத் தட்டும், டிரைவர் உட்பட. அது…

சவுண்டுக்காரர்: ரெக்கார்டிங் அன்னிக்குப் பாடகி வர லேட்டு. இவ சும்மா இருக்கமாட்டாம வாசிச்சுக்கிட்டிருந்தா. மாஸ்டர் “அதை அப்படியே முன்னாடி வெச்சுக்க”ன்னுட்டாரு.

பரிசோதகர்: அப்போ அது இவங்கதானா! நாளைக்கு நான் வர்றேன் சார், முதல் வரிசைல நிப்பேன். அம்மா, எல்லாம் முடிஞ்சுது! நாளைக்கு வாசிக்கறீங்க! …இருங்க இருங்க, எழுந்திருக்காதீங்க, வயர் கால்ல சுத்தியிருக்கு. இந்தக் கையெழுத்தைப் போட்டுட்டு நானே வந்து கழட்டி விடறேன்.

சவுண்டுக்காரர்: …ம்மா, அவளுக்கு இப்ப நாம பேசறது கேக்காதுல்ல?

பரிசோதகர்: கண்ணாடி ரூம் சார், ஊசி விழுந்தா கூடக் கேக்காது. ஏன்?

சவுண்டுக்காரர்: நான் சொன்ன கதைல ஒரு பொய் இருக்கு. நாப்பத்தோரு வருஷமா அவகிட்டயே சொன்னதில்ல. இன்னிக்கு அந்தக் கோடு இறங்கினப்ப… ஒருவேளை அவ இனிமே எதையும் கேக்க முடியாமப் போயிட்டா, சொல்லாமயே போயிடுமேன்னு தோணுச்சு.

பரிசோதகர்: எது பொய்?

சவுண்டுக்காரர்: காய்ச்சல்.

பரிசோதகர்: வரலையா?

சவுண்டுக்காரர்: ஒண்ணும் வரல. குத்துக்கல்லாட்டம் இருந்தேன். ஒரு பாட்டுல, மூணாவது அடில, இறங்க வேண்டிய இடத்துல நான் ஏறிடுவேன். யாருக்கும் தெரியாது, மாஸ்டருக்கே தெரியாது. ஒரு நாள் அந்த இடத்துல என் முதுகுக்குப் பின்னாடி செவுத்துலேர்ந்து ஒரு சத்தம். சரியா இறங்குது. பயந்துட்டேன். மறுநாளும் அதே இடம், அதே இறக்கம். மூணு வாரம்மா! நான் தப்பு பண்ணப் பண்ண, செவுரு திருத்துது.

பரிசோதகர்: ஆனா அவங்களுக்குத்தான் பாட்டே தெரியாதே. தப்புன்னு எப்படி…?

சவுண்டுக்காரர்: இருட்டுல படி இறங்கறப்ப ஒரு படி காணாமப் போனா காலுக்குத் தெரியாதா, அப்படித்தான். அன்னிக்குத்தான் புரிஞ்சுது, நான் வாசிக்கறவன் இல்ல, எண்ணறவன்னு. வாசிக்கறது அந்தப் பக்கம் இருக்கு. கச்சேரி அன்னிக்குக் காலைல என்னால உள்ள போக முடியல. சந்து முனைல தள்ளுவண்டிக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னு ஒன்பது பாட்டையும் கேட்டேன். மூணு மாசம் கழிச்சு சவுண்டு பாக்கறேன்னு வந்து சேந்தேன். முதல் நாளே அவ பேஸ் சத்தத்தை மட்டும் ரெண்டு கோடு தூக்கி வெச்சேன். இன்னி வரைக்கும் இறக்கல. …அவளுக்குத் தெரிஞ்சா, பயந்தாங்கொள்ளின்னு சிரிப்பா.

பரிசோதகர்: சார்…

சவுண்டுக்காரர்: என்னம்மா?

பரிசோதகர்: மைக் சுவிட்சு… நான் அணைக்கவே இல்ல போலருக்கு. சிவப்பு விளக்கு எரியுது.

சவுண்டுக்காரர்: …சரி, எரிஞ்சா என்ன, அவளுக்குத்தான் காது…

பேஸ்காரம்மா: உங்களுது அடிக்குரல்ங்க, அதுல ஒரு எழுத்து கூட எனக்குத் தப்பாது. சிரிக்க மாட்டேன், நானும் ஒண்ணு சொல்லணும். வாசிப்பு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி உங்க ரூமுக்குத் துணி கொடுக்க வந்தப்ப நீங்க எந்தச் சேர்ல முதுகைச் சாய்ச்சு உக்காருவீங்கன்னு பாத்து வெச்சுக்கிட்டேன். சரியா அந்த இடத்துலதான் கிட்டாரை அழுத்தினேன், மூணு வாரமும், மூணாவது அடில. எனக்கு அந்த இடம் வேணும்ங்க. நீங்க எழுந்து ஓடணும்னேதான் வாசிச்சேன்.